கிள்ளிக் கிள்ளி ஏறிய டீசல்

நான் வேலை பார்க்கும் பெட்ரோல் பங்குக்கு எதிரே ஒரு டீக்கடை இருக்கிறது. ஓமன் நாட்டின் உள்பகுதி இது. எந்தப் பக்கம் திரும்பினாலும் மொட்டை மலையும் புழுதியும்தான். கடை வாசலில் கார் வந்து நிற்கும். ஆள் இறங்கி உள்ளே போவார், கரக் என்று இங்கே சொல்கிற கெட்டிப் பால் டீ குடிப்பார், தெரிந்தவரைப் பார்த்தால் உட்கார்ந்து பேசுவார், சில நேரம் தொழுகைக்கும் போய்விட்டு வருவார். அதுவரைக்கும் கார் என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். ஏசியின் குளிர்ச்சி போய்விடக் கூடாது, அவ்வளவுதான் காரணம். ஆளில்லாத கார் உறுமுகிற அந்தச் சத்தம் வந்த புதிதில் என்னைப் பாடாய்ப் படுத்தியது. போய்ச் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு வரலாமா என்று கை பரபரக்கும். கூட வேலை செய்கிற மலையாளி நண்பரிடம் சொன்னேன். எந்தச் சத்தம் என்று கேட்டார். அவர் காதுக்கு அது பழகிப்போயிருந்தது.

எங்கள் ஊர் பெரம்பலூர் மாவட்டத்தில், பாடாலூருக்குப் பக்கத்தில். அண்ணன் குட்டியானை என்று சொல்கிற சின்ன லோடு வண்டி ஒன்று வைத்து ஓட்டினார். பல வருடம் அடுத்தவர் வண்டி ஓட்டி, பிறகு சொந்தமாக வாங்கி, சிறுவாச்சூர் காளி கோவில் வாசலில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி எடுத்து வந்த வண்டி. சின்ன வெங்காயம் எடுக்கும் காலத்தில் காட்டிலிருந்து மூட்டைகளை ஏற்றித் திருச்சி மண்டியில் இறக்குவார். ஏரிக்கரைச் சரிவு வந்தால் என்ஜினை அணைத்துவிடுவார். வண்டி சத்தமில்லாமல் உருண்டு ஊருக்குள் வரும். இஞ்சினியரிங் படித்த நான், பிரேக் சரியாகப் பிடிக்காது, ஆபத்து என்பேன். "ஆபத்துக்கு டீசல் வேணாம்டா தம்பி" என்பார். பங்கில் ஐந்நூறு ரூபாய்க்கு என்று கேட்கவே மாட்டார், ஐந்நூற்றுப் பத்துக்கு என்பார். முழுத்தொகை சொன்னால் மெஷினில் அளவைக் குறைத்துவிடுவார்கள், உதிரித்தொகை சொன்னால் ஏமாற்ற முடியாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அப்படியெல்லாம் கிடையாதுண்ணே என்று ஒருமுறை விளக்கப் போனேன். "நீ படிச்சவன். உன்னைய ஏமாத்துனா உனக்குத் தெரியாது. எனக்குன்னா தெரியும்" என்றார். பங்குக்காரப் பையன்கூடச் சிரித்துவிட்டான்.

வெங்காய லோடுக்கு எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. முதல் மூட்டை வண்டியில் ஏறும் அன்று, களத்திலேயே வெற்றிலை மாற்றி, மூட்டைக்கு இவ்வளவு கூலி என்று பேசுவார்கள். அந்தப் பருவத்தின் கடைசி மூட்டை மண்டியில் இறங்குகிற வரை பேச்சு மாறாது. வெங்காயம் அழுகினாலும் மாறாது, வண்டி படுத்தாலும் மாறாது. போன பருவத்தில் அண்ணன் கூலி பேசியது தேர்தல் நேரம். டீசல் விலை அசையாமல் படுத்துக் கிடந்த நேரம். ஓட்டுக் கேட்டு வந்த இரண்டு கட்சிக்காரர்களும் ஜெயித்தால் விலையைக் குறைப்போம் என்று மைக்கில் சொல்லிவிட்டுப் போனார்கள். விலை குறைந்தால் ஊர்க்காரர்கள் கூலியைக் குறைக்கச் சொல்வதற்கு முன்னால் நாமே குறைத்துக்கொள்வோம், பெருந்தன்மையாக இருக்கும் என்று நினைத்து, அண்ணன் முந்தைய பருவத்துக் கூலியைவிடக் கம்மியாகவே பேசி வெற்றிலையை வாங்கிவிட்டார்.

ஓட்டு எண்ணி முடித்தார்கள். டீசல் எழுந்து உட்கார்ந்தது. ஒரேயடியாக ஏறவில்லை, இன்றைக்குச் சில பைசா, நாளைக்குச் சில பைசா. "மொத்தமா அடிச்சா கத்துவோம்னு கிள்ளிக் கிள்ளி எடுக்கறானுவடா" என்றார் அண்ணன் போனில். வரியைக் குறைக்க வேண்டியது மாநிலம் என்று ஒரு மந்திரி சொன்னார், மத்திய அரசு என்று இன்னொரு மந்திரி சொன்னார். "டெல்லிக்காரன் மெட்ராஸ்காரனக் கைகாட்டறான், மெட்ராஸ்காரன் டெல்லிக்காரனக் கைகாட்டறான். நடுவுல நாம பாடாலூர்ல நிக்கிறோம்." காரைக்கால் பக்கம் வரி குறைவு, அந்த வழியாகப் போகிற அரியலூர் சிமெண்டு லாரிக்காரர்கள் அங்கேதான் டேங்கை நிரப்புகிறார்கள் என்று நான் எங்கோ படித்ததைச் சொன்னேன். "நல்ல யோசனதான். டீசல் அடிக்கப் போறதுக்கு யார் டீசல் அடிக்கிறது?" என்றார். ஊர்க்காரர்களிடம் கூலியை ஏற்றிக் கேட்கச் சொன்னேன். "வெத்தல மாத்துன வாய்டா. வெங்காயம் அடிமாட்டு வெலைக்குப் போவுது. அழுவறவன்கிட்ட போயி என்னத்த ஏத்திக் கேக்கச் சொல்ற?" என்றார். ஒவ்வொரு நடையும் நட்டம் என்று தெரிந்தே கடைசி மூட்டை வரை ஓட்டினார்.

நான் எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன். சத்துணவு சாப்பிட்டு, இலவச பஸ் பாஸில் பெரம்பலூருக்குப் போய்ப் படித்தவன். அந்தச் சோற்றையும் பஸ்ஸையும் கொடுத்தது ஜனங்களின் வரிப்பணம்தான் என்று எனக்குத் தெரியும். அதனால் டீசலுக்கு வரியே கூடாது என்று என்னால் கோபமாகப் பேச முடியவில்லை. அண்ணன் வண்டியில் ஊற்றிய ஒவ்வொரு லிட்டரிலும் என்னைப் போல ஒரு பையன் படித்திருப்பான். ஆனால் அந்தப் பையன் படித்து முடித்து, ஊரில் வேலை இல்லாமல், இன்னொரு நாட்டில் கார்களுக்குப் பெட்ரோல் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கணக்கில் எங்கே பிசகு என்று எனக்குப் புரியவே இல்லை.

இங்கே பெட்ரோல் போட வருகிறவர்கள் பெரும்பாலும் "ஃபுல்" என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொள்வார்கள். ஒருநாள் பழைய டாக்சி ஒன்று வந்தது. ஓட்டி வந்தவர் வெள்ளை அங்கி போட்ட, நரைத்த தாடி வைத்த உள்ளூர்க்காரர். இரண்டு ரியாலுக்கு மட்டும் போடு என்று எனக்காக இந்தியில் சொன்னார். எனக்கு எங்கள் ஊர் பங்கில் நிற்பது போல இருந்தது. சந்தோஷத்தில் சிரித்துவிட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. என் ஏழ்மையைப் பார்த்துச் சிரிக்கிறாயா என்றார். இல்லை சார், எங்கள் நாட்டில் இதைவிட விலை அதிகம் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொன்னேன். அது இன்னும் மோசமாகிவிட்டது. முன்பெல்லாம் அரசாங்கமே விலையைத் தாங்கிப் பிடித்ததாம், பிறகு கையை எடுத்துவிட்டதாம். "இது என் தாத்தாவின் மண்ணுக்கு அடியில் இருந்து வருகிறது. இதை நான் அளந்து வாங்க வேண்டுமா? உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். எனக்குத் தெரியும் என்று சொல்ல நினைத்தேன். அரியலூர் மண்ணுக்கு அடியில் முழுக்கச் சுண்ணாம்புக்கல். அதைத் தோண்டித்தான் ஊர் ஊராகச் சிமெண்டு போகிறது. அதே அரியலூரை அடுத்த செந்துறையில் என் மாமா தன் வீட்டுக்குச் சிமெண்டை அரை மூட்டை, கால் மூட்டையாக வாங்கி இன்னும் சுவர் பூசி முடிக்கவில்லை. இதைச் சொல்லும் அளவுக்கு எனக்கு இந்தி வராது. அவரும் நானும் ஒரே கட்சி என்பது அவருக்குத் தெரியாமலே போய்விட்டது. கட்சி என்று இருந்தாலும்தான் என்ன, இங்கே எனக்கு ஓட்டில்லை. ஓட்டு இருக்கிற ஊரில் நான் இல்லை.

பருவம் முடிந்ததும் அண்ணன் போன் செய்தார். "அங்க எனக்கு ஒரு வேல பாரு." நான் இங்கே வந்ததே அவர் ஊரில் இருப்பார் என்ற தைரியத்தில்தான். "அம்மாவும் அண்ணியும் தனியா இருப்பாங்களேண்ணே" என்றேன். "வண்டி ஓடாம நின்னா நான் கூட இருந்து என்னா பண்றது, அதையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கவா?" என்றார். இங்கே பக்கத்து டவுனில் ஒரு காய்கறி மொத்தக் கடையில் வேன் ஓட்ட ஆள் கேட்டிருந்தார்கள். இந்த நாட்டு லைசென்ஸ் எடுக்கிற வரை மூட்டை தூக்க வேண்டும். அவர் பெயரை நான்தான் கொடுத்தேன்.

நட்டத்தைத் தாங்காமல் அண்ணன் விற்ற வண்டியை வாங்கியவர் செந்துறைக்காரர். அண்ணனே ஓட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு, அரியலூர் வழியாக பஸ் மாறி வீட்டுக்கு வந்தார். மறுநாள் அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும்: போகிற வழியில் பங்கில் நிறுத்தி, அவர் வாழ்க்கையில் முதல்முறையாக, டேங்க் நிறைய டீசல் போட்டிருக்கிறார். வழிகிற அளவுக்கு. பைத்தியமா உங்களுக்கு, வித்த வண்டிக்கு எதுக்கு என்று அண்ணி சண்டை போட்டிருக்கிறார். நான் அண்ணனிடம் கேட்டேன். "மாட்ட வித்தாலும் வெறும் வயித்தோட புடிச்சி வுடக் கூடாதுடா" என்றார். அன்றைக்கு டூட்டியில் யாராவது "ஃபுல்" என்றால் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் குனிந்துகொண்டே பெட்ரோல் பிடித்தேன்.

விசா வந்துவிட்டது. அடுத்த வாரம் அண்ணன் வருகிறார். எங்கள் தொழிலாளர் கேம்ப் அறையில் என் கட்டிலுக்கு மேல் கட்டில் காலியாக இருந்தது. கேம்ப்காரரிடம் கெஞ்சி அதை அவருக்கு என்று வாங்கிவிட்டேன். நேற்று அதில் கிடந்த பெட்டிகளை இறக்கி, துடைத்து, புதுப் போர்வை விரித்துக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து அம்மா போனில் கூப்பிட்டார்.

"வாசல்ல வண்டி நின்ன எடத்துல ஆயிலு சொட்டிச் சொட்டி மண்ணு கருப்பாக் கெடந்துச்சில்ல. மழ பேஞ்சதும் அதுலயும் புல்லு மொளச்சிருக்குடா. ஆட்டுக்குட்டிய அங்க கட்டிப்புடவா?"

"வேணாம்மா. அது அப்படியே கெடக்கட்டும்."

"சரி. அங்க அவனுக்குப் படுக்க எடம் இருக்கா?"

இருக்கிறது என்றேன். பொய்யில்லை. போர்வையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிக்கொண்டே சொன்னேன். ஒரு இடத்தை நிரப்பத் துடைத்து வைத்திருக்கிறேன். இன்னொரு இடத்தைக் காலியாகவே வைக்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டும் ஒரே ஆளுக்குத்தான்.