கழன்ற தோளும் உடனிருப்பவர் கையெழுத்தும்

தோளை வெட்டித் தைத்துக்கொண்டால் என்ன என்று எனக்கு முதலில் தோன்றியது காலை ஐந்தே முக்காலுக்கு, மயிலாப்பூரில் எங்கள் வீட்டுப் படுக்கையறைத் தரையில். தூக்கத்தில் புரண்டபோது வலது தோள் கழன்றுவிட்டது. விழித்துப் பார்த்தால் கை தலைக்கு மேலே, வேறு யாருடையதோ போலக் கிடந்தது.

பயம் எதுவும் இல்லை. அது பதினோராவது முறை. தரையில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, மெல்லப் பின்னால் சாய்ந்தால் தோள் ஒரு சத்தத்தோடு உள்ளே போய்விடும். ஒன்பது முறை நானே அப்படிப் போட்டிருக்கிறேன். அன்று போகவில்லை. மூன்றாவது முறை சாய்ந்தபோது நான் போட்ட கூச்சலில் அம்மா ஓடிவந்தார்.

"காலங்காத்தால தரையில உக்காந்து என்னடி பண்ற?" என்றவர், தோளைப் பார்த்தார். உருண்டையாக இருக்க வேண்டிய இடம் படிக்கட்டு போல இறங்கியிருந்தது.

"சேசுவே! எப்பலேருந்து இப்படி?"

"ரெண்டு வருஷமா."

அவருக்கு முதல் முறை கழன்றது மட்டும்தான் தெரியும்.

ஆட்டோவில் அம்மா என் கையைத் தலையணையோடு சேர்த்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னாம்மா, கை கழண்டுகிச்சா? ரோடெல்லாம் நோண்டி வெச்சிக்கீறாங்க. பாத்துத்தான் போறேன். கத்தணும்னா கத்திக்கோ, நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

அடையாறு மருத்துவமனை போய்ச் சேரும்வரை கத்தினேன்.

இதே தோளோடு இதைப் படிக்கிறவர்களுக்காகத் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். பெசன்ட் நகர் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமைகளில் வாலிபால் ஆடுவோம். பந்தை ஓங்கி அடிக்க எகிறியபோது முதல் முறை கழன்றது. மருத்துவமனையில் மயக்க ஊசி போட்டு உள்ளே தள்ளினார்கள். மூன்று வாரம் கையைத் தொங்கல் பட்டையில் வைத்திருந்தேன். பிசியோதெரபிக்கு மூன்று மாதம் வரச் சொன்னார்கள். எட்டு நாள் போனேன். வலி போய்விட்டது, எனக்கோ பொறுமை கிடையாது.

அடுத்த முறை கழன்றது தி. நகரில், துணிக்கடையில். மேலே மாட்டியிருந்த ஒரு குர்தாவை எட்டி எடுக்கப்போனேன், அவ்வளவுதான். அதற்குள் வீடியோக்கள் பார்த்துத் தோளைப் போட்டுக்கொள்ளக் கற்றிருந்தேன். உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து போட்டுக்கொண்டேன். வெளியே வந்து அந்தக் குர்தாவையும் வாங்கினேன்.

கோபாலபுரத்தில் ஒரு சிறிய பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பலகையின் மேல் வரியில் தலைப்பு எழுதும்போதெல்லாம் தோளுக்கு ஆபத்து. ஒருநாள் வகுப்பிலேயே கழன்றது. தரையில் உட்கார்ந்து போட்டுக்கொண்டு எழுந்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"மிஸ், இன்னொரு வாட்டி மிஸ்!"

நான் குனிந்து வணக்கம் வைத்தேன். கணக்கு எடுக்கும் திவ்யா ஆசிரியர் அறையில், "மச்சி, நீ பேசாம சர்க்கஸ்ல சேந்துடு, சம்பளமாவது ஒழுங்கா வரும்" என்றாள். சிரித்தோம். அதை ஒரு திறமை என்றே நான் நினைத்திருந்தேன்.

அந்தப் பதினோராவது முறை, தோளை உள்ளே தள்ள மருத்துவர்களுக்கே வெகுநேரம் பிடித்தது. மயக்கம் தெளிந்தபோது, சட்டைக் கை தைத்திருக்கும் இடத்தில் நான்கு விரல் அகலத்துக்குத் தோல் மரத்திருந்தது. அக்குள் நரம்பு (தோளைத் தூக்கும் தசைக்குப் போகும் நரம்பு) இழுபட்டிருக்கிறது என்றார்கள். அது திரும்பி வரலாம், வராமலும் போகலாம்.

நான்கு நாள் கழித்து எலும்பு மருத்துவர் ஸ்கேன் படத்தைத் திரையில் வைத்தார்.

"மொத்தம் எத்தனை தடவை?"

"பதினொண்ணு."

"ஆஸ்பத்திரிக்கு வந்தது?"

"ரெண்டு தடவை."

"மீதி?"

"நானே போட்டுக்கிட்டேன் டாக்டர்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தோள் கிண்ணத்தை (மேற்கை எலும்பின் தலை உட்காரும் குழி) பேனாவால் காட்டினார். அதன் முன் ஓரம் தேய்ந்து போயிருந்தது.

"ஒவ்வொரு தடவை வெளிய வரும்போதும் இந்த ஓரத்தைத் தேச்சுக்கிட்டுத்தான் வரும். ரெண்டாவது தடவையே வந்திருந்தீங்கன்னா, சின்னத் துளை போட்டுக் கிழிஞ்ச சவ்வை மட்டும் தைச்சிருக்கலாம். இப்ப தைக்கறதுக்குக் கரையே இல்லம்மா."

வகுப்பில் கேட்ட கைதட்டல் நினைவுக்கு வந்தது.

இரண்டு வழிகள் சொன்னார். ஒன்று, தசைகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டு, கையைத் தோளுக்கு மேல் தூக்காமலே வாழ்வது. மற்றது அறுவை சிகிச்சை. தோள்பட்டையின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கி போன்ற சிறு எலும்பை வெட்டி, தேய்ந்த ஓரத்தில் இரண்டு திருகாணிகளால் பொருத்துவார்கள். தோள் பெரும்பாலும் நிலைத்துவிடும். ஆனால் கையை வெளிப்பக்கம் திருப்புவது குறையும். மரத்த இடத்துக்கு உத்தரவாதம் இல்லை. பந்தை ஓங்கி அடிப்பதைப் பற்றிக் கேட்டேன். "அதைக் கணக்குல வெச்சு முடிவு பண்ணாதீங்க" என்றார்.

அறுவை சிகிச்சைதான் என்று சொல்லிவிட்டு, செவிலியர் நீட்டிய ஒப்புதல் படிவத்தைப் பார்த்தேன். நோயாளி கையெழுத்துக்குக் கீழே உடனிருப்பவர் கையெழுத்து என்று ஒரு கட்டம். எனக்கு இருபத்தாறு வயது, என் உடலுக்கு என் கையெழுத்தே போதும் என்று வாதாடினேன். வழக்கம் அப்படித்தான், வீட்டார் ஒருவர் போட வேண்டும் என்றார் செவிலியர்.

அம்மா எழுந்து வெளியே போய்விட்டார்.

நான் பத்தாவது படிக்கும்போது அப்பாவுக்குக் குடலிறக்கத்துக்காக (வயிற்றுச் சுவரின் வழியே குடல் பிதுங்குவது) அறுவை சிகிச்சை நடந்தது. சின்ன விஷயம் என்றார்கள். மயக்கத்திலிருந்து அப்பா எழுந்திருக்கவில்லை. அந்தப் படிவத்தில் அதே கட்டத்தில் இருந்தது அம்மாவின் கையெழுத்து.

வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து அம்மா என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அன்னிக்குப் படிச்சுக்கூடப் பாக்கல. நீட்டினாங்க, போட்டேன். இன்னொரு தடவை என்னால முடியாதும்மா."

பிறகு இருவரும் மூன்று மாதம் தவணை வைத்துக்கொண்டோம்: பயிற்சியிலேயே தோள் நின்றால் அறுவை சிகிச்சை வேண்டாம், நிற்காவிட்டால் மறுபடி பேசலாம். இந்த முறை பயிற்சியை ஒருநாளும் விடவில்லை. தி. நகரில் பிசியோதெரபிக்கு வாரம் மூன்று நாள் போய் ரப்பர் பட்டையை இழுத்தேன். பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் எழுதினேன். படுக்கும்முன் அம்மா என் மேற்கையைத் துப்பட்டாவால் உடம்போடு சேர்த்துக் கட்டுவார். குளிக்கும்போது தலைக்கு ஒரு கைதான். தும்மல் வந்தால் முதலில் தோளைப் பிடிப்பேன், பிறகுதான் மூக்கை. எப்போதும் ஓடிக்கொண்டிருந்த எனக்கு, சட்டை போடவே பத்து நிமிடம் ஆனது.

மூன்றாவது மாதக் கடைசியில் பிசியோதெரபிஸ்ட் என் கையைப் பக்கவாட்டில் தூக்கி மெல்லப் பின்னால் திருப்பினார். தோள் கழலவில்லை. கழலப்போகிறது என்று தோன்றியதுமே நான் அலறினேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவின் மடியிலிருந்து கைப்பை விழுந்தது.

"இவ்ளோ நாள் இழுத்தும் இப்படித்தானா?" என்று கேட்டார்.

"தசை நல்லா வந்திருக்கும்மா. ஆனா எலும்பு இல்லாத எடத்துல தசை எவ்ளோதான் பிடிக்கும்?" என்றார் அவர்.

 மறுநாள் அம்மா மருத்துவமனைக்குத் தனியாகப் போய்ப் படிவத்தின் நகலை வாங்கிவந்தார். அம்மாவும் ஆசிரியர்தான், முப்பது வருடமாக விடைத்தாள் திருத்துகிறவர். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, சிவப்புப் பேனாவால் வரி வரியாகக் கோடு போட்டார். ஓரத்தில் கேள்விக்குறிகள். அவற்றோடு மயக்க மருத்துவர் முன்னால் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தார். "என் வீட்டுக்காரருக்கு நடந்தது இவளுக்கும் நடக்குமா?" என்பது கடைசிக் கேள்வி. அந்த மருத்துவர் இல்லை என்று சொல்லவில்லை. அப்பாவின் பழைய ஆஸ்பத்திரிக் காகிதங்களைக் கேட்டு வாங்கிப் படித்தார், எனக்கு இன்னும் இரண்டு பரிசோதனைகள் எழுதினார், என்ன செய்வார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அம்மா தலையாட்டவில்லை. ஆனால் பேனாவை எடுத்தார்.

"மேடம், சிவப்புல போடக்கூடாது" என்றார் செவிலியர்.

"தெரியும்மா, பழக்கம்" என்று நீலப் பேனா வாங்கிப் போட்டார். கையெழுத்து கோணியிருந்தது. பிறகு என் தோளில் கை வைத்தார், சரியாக மரத்த இடத்தில். அவர் விரல்கள் அழுத்துவது தெரிந்தது. கண்ணுக்கு மட்டும்.

இதை எழுதுவது சனிக்கிழமை. செவ்வாய் காலை என் முறை. நல்லபடியாக எழுந்தால், ஆறு வாரம் தொங்கல் பட்டை. அதன்பின் முதல் பயிற்சி என்ன என்று கேட்டு வைத்திருக்கிறேன்: மேசையில் ஒரு துணியை விரித்து, அதன்மேல் கையை வைத்து, ஒரு சாண் முன்னால் தள்ளி, திரும்ப இழுக்க வேண்டும். பலகையின் மேல் வரிக்கு எத்தனை சாண் என்று நேற்று வகுப்பில் இடது கையால் அளந்தேன். தோளிலிருந்து மூன்று சாண் இருக்கிறது. முதலில் அந்த ஒரு சாணை முயன்று பார்க்க வேண்டும்.