குண்டைப் பின்னுக்கு இழுக்காத லாய்ஷுன்

ஃபாங் லாய்ஷுன் பள்ளிக்கூடம் போனது மொத்தமே ரெண்டு வருஷம். அதிலும் பாதி நாள் எருமை பின்னால் போய்விட்டது. அவருக்கு எண் சொல்லிக்கொடுத்தது வாத்தியார் இல்லை, பன்றி வாங்கும் கொட்டகையில் தொங்கிய தூக்குக்கோல்.

அந்தக் கோல் ஆள் உயரத்தைவிட நீளம். கருத்த மரம், அதில் வரிசையாகப் பித்தளைப் புள்ளிகள். ஒரு முனையில் உள்ள கொக்கியில் பாரத்தை மாட்டி, மறுபக்கம் இரும்புக் குண்டை நகர்த்த வேண்டும். எந்தப் புள்ளியில் கோல் நேராக நிற்கிறதோ அதுதான் எடை. பன்னிரண்டு வயசில் பன்றியின் காலைப் பிடிக்கப் போன லாய்ஷுன், பதினாறு வயசில் கண்ணை மூடிக்கொண்டு புள்ளியைத் தடவியே எடை சொன்னார். பிறகு கொட்டகைக்கு மேடைத் தராசு வந்தது. பழைய கோலை விறகோடு விறகாக எறிந்தார்கள். லாய்ஷுன் அதைக் கேட்டு வாங்கி, நாலு மைல் தோளில் சுமந்து சொந்த ஊரான லூஷிக்குக் கொண்டுவந்தார். அப்புறம் பட்டுக்கூடு வியாபாரம், ஓடு வேய்ந்த மாடி வீடு, மகனுக்கு நகரத்தில் கடை. யார் தயவும் இல்லை, எல்லாம் சொந்தக் கை. இதை அவரே தினம் ரெண்டு தடவை சொல்லுவார். சொன்னால் என்ன, உள்ளதைத்தானே சொல்கிறார்.

எங்கள் பெரியவர்கள் வருஷத்தை இருபத்துநாலு துண்டாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஏழாவது துண்டு லிஷியா, கோடை பிறக்கும் நாள். மொச்சை திரண்டிருக்கும், கோதுமைக் கதிரில் பால் பிடித்திருக்கும், நாற்றங்கால் பச்சென்று நிற்கும். அதோடு சுகம் முடிந்தது. இனி வெயில் ஏறும், சோறு இறங்காது, உடம்பு கரையும். அதனால் லிஷியா அன்று மத்தியானம், ஐந்து நிறத் தானியச் சோறு சாப்பிட்ட கையோடு ஊரே கூடி எடை பார்த்துக்கொள்ளும். எந்தக் காலத்திலோ சின்னம்மா வீட்டில் வளர்ந்த ஓர் இளவரசனை வருஷா வருஷம் இதே நாளில் நிறுத்துப் பார்த்தார்களாம், அவள் ஒழுங்காகச் சோறு போடுகிறாளா என்று. அதிலிருந்து வந்த வழக்கம். யாருடைய எடை கூடியதோ, அந்த வீட்டில் அன்பாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அர்த்தம்.

லூஷியில் முப்பத்தொரு வருஷமாகக் கோல் பிடிப்பவர் லாய்ஷுன்தான். அதற்கு ஒரு சட்டம் உண்டு. மனுஷனை நிறுக்கும்போது குண்டு உள்ளேயிருந்து வெளியே, அதாவது குறைந்த எடையிலிருந்து கூடின எடைக்கு மட்டும்தான் போகலாம். ஒரு புள்ளி பின்னுக்கு இழுத்தாலும், கோலில் தொங்குகிறவரைக் கோடை பிடித்து உருக்கிவிடும். இழுத்தவர் கோலை வேறு கையில் கொடுத்துவிட வேண்டும். ஆகவே அனுபவஸ்தர்கள் இருபது புள்ளி உள்ளே தள்ளித் தொடங்கி, புள்ளிக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லிச் சொல்லி வெளியே நகர்த்துவார்கள்.

இந்த வருஷம் அவருடைய பெண்டாட்டி சுய்யிங் தை மாசக் குளிரில் வயிற்றுக்கு ஆபரேஷன் செய்துகொண்டு வந்திருந்தாள். போன லிஷியாவில் தொண்ணூற்றெட்டு ஜின், அதாவது நாற்பத்தொன்பது கிலோ; கோலில் ஜின்னுக்கு ஒரு புள்ளி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது துணி காயப்போடும் கொடிக்கயிறு மாதிரி ஆகிவிட்டிருந்தாள். லாய்ஷுன் வியாபாரத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு அடுப்படியில் இறங்கினார். கெண்டைமீன் ரசம், மூங்கில் குருத்து, வாத்து முட்டை என்று மூணு மாசம் தானே ஆக்கிப் போட்டார். போட்டதைவிட அதிகமாக ஊரெல்லாம் சொன்னார்.

லிஷியா மத்தியானம் குலமண்டபத்து உத்தரத்தில் கோல் தொங்கியது. கொக்கியில் பெரிய மூங்கில் கூடை. பிள்ளைகள் கழுத்தில் நூல்வலை, வலைக்குள் அவித்த முட்டை. சாயங்காலம் முட்டையோடு முட்டை மோதி எது உடையாமல் நிற்கிறது என்று போட்டி நடக்கும். லாய்ஷுன் சட்டைப்பைக்குள்ளும் ஒன்று இருந்தது: சாதா வாத்து முட்டை இல்லை, கல் மாதிரி கெட்டியான ஒரு பெருவாத்து முட்டை, பக்கத்து ஊரில் வாங்கியது. பத்து நாளாக வைக்கோலில் பொத்தி வைத்து, அன்று காலைதான் அவித்திருந்தார்.

சுய்யிங் வாசலுக்கு வந்தும் உள்ளே வராமல் நிலைப்படியில் உட்காரப் போனாள்.

"மதினி, படியில உக்காராதீங்க, கோடை பூரா அசதியா இருக்கும்," என்றாள் டோஃபு விற்கும் பாவ்தி. "வாங்க, அண்ணன் சமையல் லட்சணத்தைப் பாத்துருவோம்."

"அவரு சமையலத் தின்னு உசுரோட இருக்கேனே, அதே பெரிசு," என்று சொல்லிக்கொண்டே சுய்யிங் கூடையில் ஏறி உட்கார்ந்தாள்.

"நூறைத் தாண்டலைன்னா என்னைக் கேளு," என்றார் லாய்ஷுன். கூட்டம் பார்க்கிறதல்லவா. இருபது புள்ளி உள்ளே தள்ளித் தொடங்க வேண்டியவர், குண்டைத் தூக்கி நேரே தொண்ணூற்றொன்பதில் மாட்டினார்.

கோலின் நீளமுனை தொப்பென்று கீழே விழுந்தது.

அவள் தொண்ணூற்றொன்பதுகூட இல்லை. லாய்ஷுனின் கை குண்டின் கயிற்றில் இருந்தது. மூணு புள்ளி உள்ளே இழுத்தால் கோல் நேராகிவிடும் என்று விரலுக்கே தெரிந்தது. இழுத்தால் கோடை சுய்யிங்கைப் பிடிக்கும். முப்பத்தொரு வருஷக் கோல் கைமாறும். அதுகூடப் போகட்டும், அவள் முகத்தைப் பார்த்தார். அவள் எதுவும் நடக்காதது மாதிரி காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது.

"என்னண்ணே, கை மரத்துப்போச்சா?" என்றாள் பாவ்தி.

"கோல் மக்கர் பண்ணுது."

"கோல் நல்லாத்தான் இருக்கு. உங்க மீன் ரசம்தான் தண்ணி." சொல்லிவிட்டு, தன் பேத்தியின் கழுத்து வலையைக் கழற்றிச் சுய்யிங் கழுத்தில் மாட்டினாள். "லிஷியா அன்னிக்கு முட்டையோடதானே நிறுக்கிறது? மதினி கழுத்து மொட்டையா இருக்கே."

கோல் முனை ஒரு மயிரிழை எழும்பியது.

அவ்வளவுதான், கூட்டம் பிடித்துக்கொண்டது. ஒவ்வொருவராக வந்து வலையை மாட்டினார்கள். "இது என் பங்கு மதினி." "இதுல ரெண்டு இருக்கு, ஒண்ணு விரிசல், பாத்து." பச்சை வலை, சிவப்பு வலை, மஞ்சள் வலை. சுய்யிங் மூக்குவரை முட்டை.

"அடப் பாவிகளா, நான் என்ன முட்டைக்கடையா?" என்றாள். சிரிப்பில் கூடை ஆடியது.

இருபது முட்டை ஆயிற்று. கோல் இன்னும் கொஞ்சம் சாய்ந்தே நின்றது. ஊரில் வலை தீர்ந்துவிட்டது. பாவ்தி லாய்ஷுனின் சட்டைப்பையையே பார்த்தாள்.

"அண்ணே, அங்க ஏதோ புடைச்சிக்கிட்டு இருக்கே."

"அது போட்டிக்கு."

"யோவ் கிழவா," என்றாள் சுய்யிங், முட்டைகளுக்கு நடுவிலிருந்து. "மூணு மாசம் ஊட்டுனே. இந்த ஒண்ணுக்கு என்ன யோசனை?"

லாய்ஷுன் பெருவாத்து முட்டையை எடுத்து அவள் மடியில் வைத்தார். கோல் மெல்ல எழுந்து, நடுங்கி, நூல் பிடித்தது மாதிரி நின்றது.

"தொண்ணூத்தொம்போது," என்று அறிவித்தார்.

"இதுல என்னோடது எவ்வளவு, முட்டையோடது எவ்வளவு?" என்று கேட்ட சுய்யிங், பதிலுக்குக் காத்திராமல் பெருவாத்து முட்டையைக் கூடை மூங்கிலில் ஒரு தட்டு தட்டி உரித்துத் தின்ன ஆரம்பித்தாள். பத்து நாள் பொத்தி வைத்த வீரன் நாலே கடியில் போய்ச் சேர்ந்தான். கோல் அசையவில்லை. முட்டை மடியில் இருந்தால் என்ன, வயிற்றில் இருந்தால் என்ன, கோலுக்கு ரெண்டும் ஒன்றுதான்.

"பாத்தீங்களா, இது இப்ப என்னோட எடை," என்றாள். "மிச்சத்தை ஆடிக்குள்ள முடிச்சிருவேன். ஒருத்தரும் திருப்பிக் கேக்கப்படாது."

சொல்லிக்கொண்டே உரித்த முட்டை ஓடுகளைக் கூடைக்கு வெளியே எறிந்தாள். கோல் முனை ஒரு மயிரிழை இறங்கியது.

"ஓட்டை மடியிலயே வைடி," என்று கத்தினார் லாய்ஷுன், குனிந்து ஒவ்வொரு சில்லாகப் பொறுக்கிக்கொண்டே. குண்டை மட்டும் அவர் தொடவே இல்லை.