அருவங்காட்டில் மாரப்பன் செத்த கதை

மாரப்பன் சினிமாவில் பல முறை செத்திருக்கிறார். லாரி மோதிச் செத்திருக்கிறார், மாரடைப்பில் செத்திருக்கிறார், மகள் ஓடிப்போன சேதி கேட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே சாய்ந்திருக்கிறார். அந்தச் சாவுகளால் ஊருக்கு ஒரு தொந்தரவும் வந்ததில்லை. 'இடிவேந்தன்' படத்தில் வானத்திலிருந்து இறங்கிய பூதம் அவரைக் கொன்றதுதான் வம்பாகிவிட்டது.

அவர்கள் குடும்பம் அப்பாவின் ஃபேக்டரி வேலைக்காகக் காரமடையிலிருந்து அருவங்காட்டுக்கு மலையேறி வந்தது. அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால், அக்கா வேலாமணிதான் தம்பிக்குத் தலை சீவிப் பள்ளிக்கூடம் அனுப்பினார். வளர்ந்த தம்பி குன்னூரில் ஒரு தேயிலை புரோக்கர் ஆபீசில் கிளார்க் ஆனார். குவார்ட்டர்ஸ் பொங்கல் விழாவில் நாடகம் போடப் போனார். அங்கே பிடித்த பைத்தியம் அவரைச் சென்னைவரை கொண்டுபோய் விட்டது. நல்லவேளையாக செல்வி என்று ஒரு மனைவி வாய்த்து, ஊரில் வீட்டையும் தையல் கடையையும் பார்த்துக்கொண்டதால் பிழைத்தார்.

தாசில்தார், வாட்ச்மேன், பெண்ணைப் பெற்றவர். இந்த மூன்றுக்குள்தான் அவருக்கு வேஷம் கிடைக்கும். அதில் அவருக்குக் குறையே கிடையாது. எதிரே நிற்பவர் கண்ணைப் பார்த்துப் பேசினால் போதும், மீதியை அந்தக் கண்ணே சொல்லிக்கொடுத்துவிடும் என்பார். இதை அவர் அடிக்கடி சொல்வதால் வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அப்படிப்பட்டவரை 'இடிவேந்தன்' படத்தில் ஹீரோவுக்கு அப்பாவாகக் கூப்பிட்டார்கள். ஊட்டித் தேயிலைத் தோட்டத்துப் பையன் மேல் இடி விழுந்து, அவனுக்குப் பறக்கிற சக்தி வந்து, உலகத்தைக் காப்பாற்றுகிறான். நாட்டிலேயே பெரிய செலவில் எடுக்கிற படம் என்றார்கள். மாரப்பன் கர்வத்தோடுதான் கிளம்பினார். அருவங்காடு பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் ஒருவர் விடாமல் கேட்டார்கள் என்பதற்காக, ஒருவர் விடாமல் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

ஊட்டி, ஹைதராபாத்தில் இருந்தது. நிஜ ஊட்டியில் மூடுபனி நினைத்த நேரத்துக்கு வருகிறது, போகிறது, சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று அங்கே பெரிய கொட்டகைக்குள் ஊட்டியைக் கட்டியிருந்தார்கள். பிளாஸ்டிக் தேயிலை, மெஷின் புகை. அடிக்கிற வெயிலில் ஸ்வெட்டரும் மஃப்ளரும் மாட்டிவிட்டு, "நடுங்குங்க சார்" என்றார் டைரக்டர். மாரப்பன் நடுங்கினார். "ஊட்டிக்காரர் மாதிரி நடுங்குங்க" என்றார். ஊட்டிக்காரர்கள் ஸ்வெட்டர் போட்டால் நடுங்கமாட்டார்கள், அதற்குத்தான் ஸ்வெட்டர் என்று சொல்ல மாரப்பனுக்கு வாய்வரை வந்தது. சொல்லாமல் பல் கிட்டிக்க நடுங்கிக் கொடுத்தார்.

அதுகூடப் பரவாயில்லை. சுற்றிலும் பச்சைத் துணி தொங்கியது, பார்க்க ஒரு கண் இல்லை. பூதம் என்பது கம்பு நுனியில் செருகிய டென்னிஸ் பந்து. ஹீரோவுக்குத் தேதி இல்லை, அவர் முகத்தைப் பிறகு ஒட்டிக்கொள்வார்கள். மகன் மடியில் தலை வைத்துச் சாகிற காட்சியில் மாரப்பன் தலை வைத்தது ஒரு மணல் மூட்டையின் மேல். வாழ்நாளில் இவ்வளவு பெரிய படத்தில் இவ்வளவு தனியாக அவர் இருந்ததே இல்லை. டென்னிஸ் பந்திடம் கெஞ்சிக் கெஞ்சி, தான் நடிகன்தானா என்றே சந்தேகம் வந்துவிட்டது அவருக்கு.

அந்தச் சாவும் லேசில் முடியவில்லை. பூதம் இடப்பக்கம் வரும் என்பார்கள், சாவார். இல்லை வலப்பக்கம் என்பார்கள், எழுந்து உட்கார்ந்து மறுபடி சாவார். அப்படிச் செத்துக்கொண்டிருந்தபோதுதான், அக்காவைக் கட்டிக்கொடுத்த காரமடையிலிருந்து போன் வந்தது. வேலாமணி அக்காவின் வீட்டுக்காரர் தவறிவிட்டார்.

புருஷன் போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைக் கூடப்பிறந்தவன்தான் கொண்டுபோக வேண்டும். அதை மாரப்பனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. "இப்ப நீங்க போனா செட்டே நின்னுடும் சார், இன்னும் ரெண்டே ஷாட்" என்றார் புரொடக்‌ஷன் மேனேஜர். மாரப்பன் நின்றுவிட்டார். இரண்டு ஷாட் இழுத்துக்கொண்டே போனது. அங்கே பங்காளி வீட்டுப் பையன் ஒருவன் கோடி கொண்டுபோய் அக்காவுக்குப் போர்த்தினான். காரியமெல்லாம் முடிந்தபின் மாரப்பன் போய் நின்றபோது, வேலாமணி எழுந்து உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து போன் எடுப்பதில்லை. மாரப்பனும் விடாமல் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்.

படம் வெளியானது. ஆட்டோ ஓட்டுகிற யுவனுக்குத் தலைகால் புரியவில்லை. நம்ம ஊர் ஆள் உலகத்துக்காக உயிரை விட்டிருக்கிறார், சும்மா விடலாமா? பஸ் ஸ்டாப்பில் ஆளுயர பேனர் வைத்தான். மாலை போட்ட மாரப்பன். மேலே பெரிதாகக் 'கண்ணீர் அஞ்சலி'. அதன் கீழே 'மண்ணை விட்டுப் பிரிந்த எங்கள் அண்ணன் மாரப்பன்'. படத்தின் பேரையும் போடத்தான் போட்டிருந்தான், அடியில், பொடி எழுத்தில். அந்த இடத்தை மறைத்துத் தன் ஆட்டோவை நிறுத்தி, ஒரு போட்டோ எடுத்து எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டுவிட்டான்.

மறுநாள் காலை மாரப்பன் பால் பாக்கெட் வாங்கப் பஸ் ஸ்டாப்புக்குப் போனார். பேனருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து ஒரு பெண் மாரில் அடித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் சின்னக் கூட்டம்.

"படத்தைப் பார்த்து இப்படி அழுவறாங்கன்னா, அண்ணனோட நடிப்பு அப்படி" என்று யுவன் பக்கத்தில் இருந்தவரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

மாரப்பனுக்குக் குரலிலேயே தெரிந்துவிட்டது. குரூப்பில் வந்த போட்டோவைப் பார்த்துக் காரமடையில் பஸ் ஏறி, வழியில் பர்லியாறில் அழ ஆரம்பித்து, கண்டக்டர் கொடுத்த தண்ணீரைக் குடித்து மறுபடி அழுது வந்து சேர்ந்திருந்தார் வேலாமணி.

"கோடி கொண்டாரலைன்னு கோவிச்சுட்டனே சாமி, போனெடுக்காமப் போயிட்டனே... என்ர கையில தின்னு வளந்த புள்ள, உம்மேல எனக்கென்னடா கோவம், எல்லாத்தையும் மறந்துட்டேன், எந்திரிச்சு வாடா மாரா..."

மாரப்பன் பால் பாக்கெட்டும் கையுமாக அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டார். கேட்கக் கேட்க அவருக்கும் அழுகை வந்துவிட்டது. தான் செத்ததற்காகத் தானே அழுத மனிதர் அருவங்காட்டில் அவர் ஒருவர்தான்.

"அக்கா" என்றார்.

வேலாமணி திரும்பினார். பேனரைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார். செருப்பைத் தேடினார். ஒரு கணம் எல்லோரும் பயந்தார்கள், ஆனால் காலில்தான் போட்டுக்கொண்டார். பிறகு தம்பி பக்கம் திரும்பாமலே வீட்டைப் பார்த்து நடந்தார். செத்தவனுக்குக் கொடுத்த மன்னிப்பை உயிரோடு இருப்பவனுக்குக் கொடுக்க அவருக்கு மனசில்லை.

வீட்டில் செல்விதான் நடுவில் மாட்டிக்கொண்டாள்.

"செல்வி, செத்தவன் பாலு வாங்கப் போவானான்னு அவனக் கேளு."

"அண்ணி, அது சினிமாவுக்கு வெச்ச பேனருங்க."

"சினிமால செத்தா ஊட்டுக்குச் சொல்லி உடமாட்டானான்னு கேளு கண்ணு."

மாரப்பன் கதவோரம் நின்றார். இதுதான் சமயம், இன்றைக்கு விட்டால் அக்கா மலையிறங்கிப் போய்விடுவார், அப்புறம் இந்தப் படியே மிதிக்கமாட்டார் என்று அவருக்குத் தெரியும். செல்வியைப் பார்த்தபடி ஆரம்பித்தார்.

"செல்வி, அன்னைக்கு மாமா தவறுனப்ப நான் வேணுமின்னே வராம இருக்கலைன்னு அக்காகிட்டச் சொல்லு. இந்தச் சாவைத்தான் எடுத்துட்டு இருந்தாங்க. உட்டுட்டு வர முடியல."

வேலாமணிக்கு அந்தக் காட்சியைப் போனில் யாரோ காட்டியிருப்பார்கள் போலும்.

"அந்தப் பையன் மடியில படுத்துட்டுத்தான செத்தான், அவன் உட்டிருக்கமாட்டானாக்கும்னு கேளு. எத்தனை அழுகை அழுதான் அவன்."

"அவரு அங்கில்லைங்க அக்கா" என்று மாரப்பன் நேராகவே சொன்னார். "முகத்தைப் பொறவு ஒட்டுனாங்க. நான் படுத்தது மணல் மூட்டைல."

"சரி, அந்தப் பூதம்?"

"அது டென்னிஸ் பந்துங்க."

"தேயிலைத் தோட்டத்துல அத்தனை சனம் நின்னுச்சே?"

"அதெல்லாம் கம்ப்யூட்டருங்க. பச்சைத் துணிதான் தொங்குச்சு. ஒருத்தரும் இல்லீங்க."

வேலாமணி முதல் தடவையாகத் தம்பியின் கண்ணைப் பார்த்தார். செல்வியை மறந்துவிட்டார்.

"ஒருத்தருமே இல்லாத எடத்துல நீ ஏன்டா இருந்தே? நான் வாசலையே பாத்துட்டு இருந்தனே."

இத்தனை வருஷத்தில் யார் எழுதிக் கொடுத்த வசனமும் மாரப்பனை இப்படி அடித்ததில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அதே புரொடக்‌ஷன் மேனேஜர். படம் பிய்த்துக்கொண்டு ஓடுகிறதாம். இரண்டாம் பாகத்தில் அப்பா உயிரோடு திரும்பி வருகிறாராம். அடுத்த மாதம் முழுக்கத் தேதி வேண்டுமாம். குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"அந்த மாசம் எங்க மாமாவுக்கு வருஷத் திதி வருதுங்க. நான் காரமடைல இருக்கோணும்" என்றார் மாரப்பன். "நான் செத்தவனாவே இருந்துக்கறேன் சார், உட்டுருங்க."

"என்ன சார் நீங்க, இந்த மாதிரிப் படத்துல யாருமே நிஜமா சாகறதில்லை சார். எல்லாருமே திரும்பி வந்துடுவாங்க."

மாரப்பன் அக்காவைப் பார்த்தார்.

"எங்க மாமா வரலீங்களே" என்றார்.

மேனேஜருக்கு ஒரு சந்தேகம்.

"எந்தப் படத்துல சார்?"

மாரப்பன் போனை வைத்துவிட்டார். வேலாமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, படியில் தம்பிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.