மூஞ்சிக்கு நேராகச் சொன்ன தப்பு

நான் பயந்த சுபாவம். பல்லியைப் பார்த்தால் நாற்காலி மேல் ஏறிவிடுவேன். இப்படிப்பட்டவள் கம்பெனி மேல் புகார் கொடுத்தேன் என்றால், தங்கச் சுரங்கக் குடியிருப்பான சாம்பியன் ரீப்ஸில் எங்கள் லைன் வீட்டுக்காரர்கள் இன்னும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

விடியற்காலை ரயில் பிடித்து பெங்களூரு போய், வண்டி உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை செய்கிறேன். எங்கள் பிரிவில் சூப்பர்வைசர் இடம் காலியானபோது சீனியாரிட்டிப்படி என் முறை. அதற்கு வைத்த பரீட்சையிலும் நான்தான் முதல். ஆனால் எனக்குப் பின்னால் சேர்ந்து, என்னிடமே வேலை பழகிய ஆணுக்குப் பதவி கிடைத்தது. அடுத்த முறை காலியானபோது இன்னொரு ஆணுக்குக் கொடுத்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

எங்கள் ஊர் கோர்ட்டில் இருந்த இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனேன். பெண் என்ற காரணத்தைக் காட்டி வேலைக்கு எடுக்காமல் இருப்பதும், பதவி உயர்வு தராமல் இருப்பதும் சட்டப்படி குற்றம், தொழிலாளர் துறை அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம் என்று அங்கிருந்த வக்கீலம்மா சொன்னார். "புகார் குடுக்கிற வரைக்கும் கம்பெனில வாயத் தொறக்காதீங்க" என்றும் சொல்லி அனுப்பினார்.

நான் வாயைத் திறந்தேன்.

எங்கள் மைன்ஸ் குடும்பங்களில் அப்படி ஒரு பழக்கம். யார் மேல் புகாரோ, அவர் மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிட்டுத்தான் மேலதிகாரியிடம் போக வேண்டும். சுரங்க ஷாஃப்டுக்குள் ஒருவர் உயிர் இன்னொருவர் கையில் இருந்த காலம் அது. முதுகுக்குப் பின்னால் பேசுகிறவனோடு ஒரே கேஜ் கூண்டில் இறங்க யாருக்கும் மனசு வராது. சுரங்கத்தை மூடியாயிற்று, பழக்கம் மட்டும் எங்களை விடவில்லை. சொல்லாமல் போனால் திருட்டுத்தனம் செய்தது போல இருக்கும் என்று தோன்றியது. எங்கள் கம்பெனியிலேயே வேலை செய்யும், தினமும் என்னோடு ரயிலில் வரும் தோழியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன்.

"பொம்பளைன்னு என்னை ஒதுக்குறீங்க சார். நான் லேபர் ஆபீஸுக்குப் போறேன். உங்ககிட்ட சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் சிரித்தார். "நோடம்மா" என்று கன்னடத்தில் தொடங்கித் தமிழுக்கு வந்தார். "அந்த போஸ்ட்டுன்னா நைட் ஷிஃப்ட் பாக்கணும். லேடீஸுக்கு அதைக் குடுக்கிறதில்லைன்னு எப்பவோ முடிவு பண்ணியாச்சு. எங்க வேணும்னாலும் போய் சொல்லிக்கோங்க."

புகார் கொடுத்த கையோடு மெமோ வரத் தொடங்கியது. ரயில் தாமதமானால் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருமேதான் தாமதமாக உள்ளே நுழைவோம். மெமோ எனக்கு மட்டும். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் சாப்பாடு இறங்கவில்லை. என் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. வழியில் வண்டி பங்காருப்பேட்டையில் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றாலே எழுந்து போய் சிக்னலை எட்டிப் பார்ப்பேன்.

நடந்ததைக் கேட்டு வக்கீலம்மா தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, நீங்களே போய் அவங்கள உஷார் பண்ணிட்டீங்களே! ஒவ்வொரு மெமோவுக்கும் எழுத்துல பதில் குடுங்க. அவர் சொன்னதைக் கேட்டவங்க யாரு? அவங்க சாட்சி சொல்லணும்."

மறுநாள் ரயிலில் தோழியிடம் கேட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எனக்கு ரெண்டு கொயந்தைங்க மே. என் வேலையும் பூட்சின்னா இன்னா பண்ணுவேன்? நான் அங்க நின்னதையே மறந்துடு."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் என்ன சொல்லித் திட்டுவது? அவளுக்கு இருந்த பயம்தான் எனக்கும்.

வீட்டில் அப்பா கெஞ்சினார். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "கேஜ்ல எறங்கும்போதுகூட நான் இப்படி பயந்ததில்லம்மா. புகாரை வாபஸ் வாங்கிடு." அவரே இப்படிச் சொன்னதில் எனக்கு இருந்த கொஞ்ச தைரியமும் போய்விட்டது.

விசாரணை அன்று லேபர் ஆபீஸுக்குச் சாட்சி இல்லாமல்தான் போனேன். தகுதி பார்த்துத்தான் பதவி கொடுத்தோம் என்றார் கம்பெனி வக்கீல். நான் மேனேஜர் அறைக்குள் புகுந்து மிரட்டியதாகவும் சொன்னார்.

அதிகாரி மேனேஜரைப் பார்த்தார். "என்ன சொல்லி மிரட்டினாங்க?"

"பொம்பளைன்னு ஒதுக்குறீங்க, லேபர் ஆபீஸுக்குப் போறேன்னாங்க சார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எல்லாருக்கும் சொல்றதைத்தான் சார். நைட் ஷிஃப்ட் இருக்கு, லேடீஸுக்கு அந்த போஸ்ட் குடுக்கிறதில்லன்னு..."

கம்பெனி வக்கீல் அவர் முழங்கையைத் தொட்டார். அதற்குள் அதிகாரி எழுதத் தொடங்கிவிட்டார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. மேனேஜர் என்னைத் திரும்பி முறைத்தார். நாளைக்கு இதே மனிதர் முன்னால்தானே போய் நிற்க வேண்டும்?

தீர்ப்பு அன்று வரவில்லை, அடுத்த விசாரணைக்குத் தேதி கொடுத்தார்கள். வெளியே வந்து வக்கீலம்மாவுக்கு போன் செய்தேன். "நாளைக்கே அவர் பேச்சை மாத்திடுவார். ஒரு சாட்சி இருந்தா நல்லது" என்றார்.

சாயங்கால ரயிலில் தோழி தன் பையைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன். வண்டி பங்காருப்பேட்டையைத் தாண்டியது. அவள் என் காதருகே வந்தாள்.

"அடுத்த தபா நான் வரேன் மே. அன்னிக்கு கேட்டத அப்படியே சொல்றேன். ஆனா நாளைக்கு அவர் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுத்தான்..."

நான் பதறிப்போய் அவள் வாயைப் பொத்தினேன். கைக்குள் அவள் மீதியைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.