நேர்த்தி வைக்காத பாதர்

கணவாய்ப் பொரியல் தட்டில் மறுபடியும் கை வைத்தான் ஜெனோசன். குடிக்கிறவர்கள் கடித்துக்கொள்ள வைத்த தட்டு அது. குடிக்காதவன் அதை வழித்துத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"டேய், பைற்றுக்குத்தான் வந்தனியோ?" என்று ஒருவன் கத்தினான்.

"பின்ன? கணவாய் கொண்டந்தது ஆர்?" என்றான் அவன், வாய் நிறையக் கணவாயோடு.

ஊர்காவற்றுறையில் கடற்றொழில் செய்யும் லியோனின் மூத்த மகன். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். ஆள் மெலிவு, குரல் மட்டும் படகில் நின்று கரையைக் கூப்பிடுகிற குரல். அவன் இரகசியம் சொன்னால் பக்கத்து வீட்டார் திரும்பிப் பார்ப்பார்கள். செருப்பை எங்கே கழற்றினாலும் மறந்துவிட்டு வெறுங்காலோடு வருவான். பாடத் தெரியாது, ஆனாலும் பாடுவான். ஒன்றுகூடலில் மற்றவர்களுக்கு வெறி ஏறமுதலே எழும்பி ஆடத் தொடங்குகிறவனும் இவன்தான். கத்தோலிக்கன், அதோடு குடிக்கவும் மாட்டான் என்று அறிந்த அன்றே அவனுக்குப் 'பாதர்' என்று பெயர் வைத்துவிட்டோம். "பாதர்மாரே பூசையில வைன் குடிக்கினம், உனக்கென்னடா வந்தது?" என்று கேட்டால், "அது அவையின்ர வேலை, நான் ஏன் அதைப் பறிப்பான்?" என்பான்.

நாங்கள் என்றால் தீவார் செற். தீவுகளிலிருந்து பல்கலைக்கழகம் வந்த பெடியள் சேர்ந்து, அதற்குப் பக்கத்திலுள்ள திருநெல்வேலியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். என் ஊர் புளியங்கூடல். அந்த வீட்டில் பாய் விரிக்க இடம் கிடைத்தவனுக்குக் குப்பியும் கிடைக்கும். அதாவது, சோதனைக்கு முதல் மூத்த மாணவர்கள் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுக்கிற பாடம். ஜெனோசனுக்கு அந்த இடம் உயிர்ப் பிரச்சினை. முதலாம் வருடப் புள்ளிவிபரவியலில் கோட்டை விட்டவன். குப்பி பொழுதுபட்டுத்தான் தொடங்கும். ஊர்காவற்றுறைக்குக் கடைசி பஸ் அதற்கு முன்னமே போய்விடும். மறுமுறையும் கோட்டை விட்டால் படிப்புக்கு முழுக்குத்தான். இது அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

செற்றில் சேர்ந்து வீட்டில் இடம் பிடிக்க ஒரு சடங்கு உண்டு. மண்கும்பான் கடற்கரையில், பட்டப்பகலில், எல்லாரும் வட்டமாக இருக்க, பனையோலையில் மடித்த பிளாவில் முட்டக் கள்ளு வார்த்துத் தருவோம். புதியவன் ஒரே இழுவையில் குடிக்கவேண்டும். கள்ளுத் தவறணையிலேயே பிளாஸ்ரிக் கோப்பை வந்துவிட்ட காலம் இது. ஆனால் எங்கள் தலைவன் தயாபரனுக்கு ஓலைப் பிளாதான் வேண்டும். ஊரான இறுப்பிட்டியில் தானே ஓலை வெட்டி மடித்துக்கொண்டு வருவான். இறுதி வருடம் படிக்கிறான். மனம் நல்ல மனம்தான், ஆனால் பிடித்த பிடியை விடமாட்டான்.

தப்புவதற்கும் ஒரு வழி உண்டு. "குடிப்பதில்லை என்று சாமிக்கு நேர்த்தி வைத்திருக்கிறேன்" என்று சொன்னால் போதும், ஒருவரும் வற்புறுத்தக்கூடாது. சைவமோ கிறிஸ்தவமோ, சாமியோடு யார் கொழுவுவது?

அன்று அந்தக் கடற்கரையில் ஜெனோசனின் முறை. தயாபரன் பிளாவை நீட்டினான். "பிடியடா பாதர்."

"எனக்கு வேண்டாம் அண்ணை."

"ஏன்? ஏதும் வருத்தமோ?"

"ஒரு வருத்தமும் இல்லை. நல்லாத் திண்டுகொண்டுதானே இருக்கிறன்."

"கொப்பர் குடிச்சிட்டுக் கூத்தாடுறவரோ?"

"அப்பா குடிப்பார்தான். கடலால வந்து அளவாக் குடிச்சிட்டுப் படுப்பார். அதில என்ன பிழை? நீங்களும் குடியுங்கோ. எனக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான்."

நிலைமை கெட்டுப்போகிறதே என்று அவன் காதுக்குள் சொன்னேன்: "அந்தோனியாருக்கு நேர்த்தி எண்டு சொல்லடா. விட்டிடுவினம்."

அவன் திரும்பி, கடற்கரை முழுக்கக் கேட்க, "அந்தோனியாரை ஏன் அண்ணை இதுக்குள்ள இழுக்கிறியள்? அவர் ஒண்டும் சொல்லேல்லை. எனக்குத்தான் விருப்பமில்லை" என்றான்.

எனக்கு மானம் போயிற்று. அது ஒரு பக்கம். மற்றப் பக்கம், நான் அசந்து போனேன். ஒரு பொய்! அந்தோனியாரே சிரித்துவிட்டு மன்னிக்கக்கூடிய பொய்! அதைச் சொன்னால் வீடு, குப்பி, சோதனை எல்லாம் கைக்குள் வந்துவிடும். நானென்றால் தீவிலுள்ள கோயில் ஒன்று விடாமல் நேர்த்தி வைத்திருப்பேன். இவன் மாட்டானாம். இப்படியும் ஒரு பிறவியா என்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தயாபரனின் முகம் சிவந்துவிட்டது. "அப்ப வீட்டில இடமில்லை."

"சரி அண்ணை." அவன் குரல் தாழ்ந்ததை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். கண்ணும் கலங்கியிருந்தது.

எழும்பினான். றோட்டுக்குப் போய் பஸ் எடுக்கப் போகிறான் என்றுதான் நினைத்தோம். அவன் போனது அடுப்படிக்கு. மூன்று கல் வைத்து விளைமீன் சுட்டுக்கொண்டிருந்தோம். பார்க்க ஆளில்லாமல் அது புகைந்துகொண்டிருந்தது. குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டினான். வெந்ததை எடுத்து ஒவ்வொருவருக்கும் கொண்டுவந்து தந்தான்.

கடைசியாகத் தயாபரனிடம் வந்தான். பிளா இன்னும் முட்டக் கள்ளோடு தயாபரனின் கையிலேயே இருந்தது.

"என்னில கோவமில்லையோடா?"

"கோவந்தான் அண்ணை. அதுக்காக மீனைக் கருக விடேலுமே?"

எல்லாரும் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். தயாபரன் மட்டும் சிரிக்கவில்லை. பிளாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கும் செற்றில சேர்ந்த நாள் இதில விருப்பமில்லைத்தான்ரா," என்றான். "இப்பிடிச் சொல்லலாமெண்டு தெரியேல்லை."

சிரிப்பு நின்றுவிட்டது. இத்தனை வருடமாக எங்களுக்கெல்லாம் வார்த்துத் தந்த கை அது.

"திங்கக்கிழமை பாயோட வா," என்றான் ஜெனோசனிடம். பிறகு, வார்த்த பிளாவை யாராவது குடித்துத்தானே ஆகவேண்டும் என்பதுபோல அதைத் தன் வாய்க்குக் கொண்டுபோனான். உதட்டுக்குக் கிட்டப் போய்க் கை அப்படியே நின்றது.

ஜெனோசன் அவன் முன்னால் குந்தினான். ஒரு துளியும் சிந்தாமல் பிளாவை அவன் கையிலிருந்து வாங்கி இடக்கையில் பிடித்துக்கொண்டான். வலக்கையால் மீனில் ஒரு துண்டு பிய்த்து, முள் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, தயாபரனின் வாயில் வைத்தான்.