'ஹ' வரிசைப் பாட்டுகள்

அனுசூயாவின் வலது கை சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. மான்ட்ரியாலின் கோட்-டெ-நெய்ஜ் தெருவில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போதுகூட, கனத்த கையுறைக்குள்ளிருந்தபடியே தொடையில் ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல் என்று அது எதையோ எண்ணிக்கொண்டிருக்கும். சின்ன வயதில் மன்னார்குடியில் அவளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர், தாளம் கையில் நிற்காமல் வாயைத் திறக்க விடமாட்டார். பாட்டு வகுப்பு கல்யாணத்தோடு நின்றுபோயிற்று. கை நிற்கவில்லை. பல்கலைக்கழகத்தில் ரசாயனம் சொல்லிக்கொடுத்த அவள் கணவர் ஜம்புநாதன், "தாளம் போட்டுப் போட்டே புடவை இத்துப் போறது" என்று கேலி செய்வார்.

அவர்கள் மான்ட்ரியாலுக்கு வந்தது 1968-ல். குடியிருந்த கட்டடத்தில் அவர்களுக்கு நேர் மேலே கியோ நகாதா என்ற ஜப்பானிய அம்மாள் தனியாக இருந்தாள். அறுபதை நெருங்கும் வயது. பிறந்தது கனடாவின் மேற்குக் கரையில்தான். ஜப்பானோடு யுத்தம் நடந்தபோது கனடா அரசாங்கம் ஜப்பானியர்களை வீடு வாசலை விட்டுக் கிளப்பிற்று. முகாமில் இருந்துவிட்டுக் கணவனோடு கிழக்கே வந்தவள், தையல் கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். கணவன் போய்ச் சேர்ந்த பிறகும் அதே கம்பெனியில், அதே மிஷின்களின் இரைச்சலில்தான் இருந்தாள்.

அனுசூயா அவளைக் கியோ மாமி என்று கூப்பிட்டாள். மாமி என்றால் என்ன என்று கேட்டதற்கு, "என்னைவிடப் பெரியவங்க. கேட்காமலே என் சமையலறைக்குள்ளே வரலாம்" என்றாள், தனக்குத் தெரிந்த இங்கிலீஷில். அன்றிலிருந்து மாமி கேட்காமலே வந்தாள்.

வரும்போது ஒரு தகரப் பெட்டியும் கூட வரும். அதில் முகாம் நாட்களில் அட்டையில் வரைந்த படச் சீட்டுகள். ஒவ்வொரு சீட்டும் ஒரு பாட்டு. ஒருவர் பாட ஆரம்பிக்க, சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் அந்தப் பாட்டின் சீட்டைப் பாயிலிருந்து தட்டி எடுக்க வேண்டும். முந்திய கைக்கே சீட்டு. சனிக்கிழமை பகல்களில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஜப்பானியர்கள் கூடி இதை ஆடினார்கள். மாமி வாரம் முழுவதும் பேச்சுத் துணைக்குத் தன் பாஷை கிடைக்காமல் இருந்துவிட்டு, அங்கே போய்த்தான் வாய் திறப்பாள்.

வீட்டில் பழகிப் பார்க்கப் பாடுவதற்கு ஆள் வேண்டும். அந்த வேலை அனுசூயாவுக்கு வந்தது. அர்த்தம் தெரியாவிட்டாலும் இரண்டு தரம் கேட்டால் மெட்டு நின்றுவிடும் அவளுக்கு.

அந்தப் பாட்டுகளின் பெயர் அவற்றின் முதல் சொல்தான். பெரும்பாலான எழுத்துகளுக்கு ஒரே ஒரு பாட்டு இருக்கும், முதல் ஓசை காதில் விழுந்ததுமே கை பாயலாம். 'ஹ'வில் மட்டும் கூட்டம் அதிகம். ஜப்பானிய பாஷையில் வசந்தம் 'ஹரு', பூ 'ஹனா', புறா 'ஹதோ', கடற்கரையும் 'ஹமா'. அடுத்த எழுத்து வரும்வரை பொறுக்க வேண்டும். பொறுக்காமல் தட்டித் தப்பான சீட்டை எடுத்தால் கையிலிருப்பதில் ஒன்று போய்விடும். சிரிப்பும் சண்டையும் எப்போதும் 'ஹ' வரிசையில்தான்.

மூன்றாம் வருஷம், அங்கே வழக்கமாகப் பாடிய அம்மாள் மகனோடு டொராண்டோவுக்குப் போய்விட்டாள். பாடுகிறவர் ஆட முடியாது என்பதால் அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. கியோ மாமி அனுசூயாவைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்தாள். சேலைக்கு மேல் கோட்டும் ஸ்வெட்டருமாக, புது மனுஷியாக, அனுசூயா முதல் பாட்டை எடுத்தாள். பாடி முடித்ததும் கிழவர்கள் கை தட்டினார்கள். அதற்குப் பிறகு சனிக்கிழமை என்றால் அவளுக்கும் ஒரு போக்கிடம் இருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் மாமி ஜெயிக்கத் தொடங்கினாள். அதுவும் 'ஹ' வரிசையில். நாற்காலிக்குப் பக்கத்திலேயே பாயில் உட்காருவாள். மற்றவர்கள் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு அடுத்த எழுத்துக்குக் காத்திருக்க, இவள் புறாவையோ பூவையோ தட்டி எடுத்திருப்பாள். தப்பே வராது. "பழைய வேகம் திரும்பி வந்திருக்கு" என்று படியேறும்போதெல்லாம் சொன்னாள்.

1971 புத்தாண்டு ஆட்டத்துக்குப் பரிசு ஒரு பெட்டி ஆரஞ்சு. மாமிதான் ஜெயித்தாள். சலவைக்கடை வைத்திருந்த ஹோரி என்பவர், அவர்கள் வழக்கப்படி மரியாதையாகச் 'சான்' சேர்த்து, சிரித்த முகத்தோடுதான் ஆரம்பித்தார்.

"நகாதா-சான், பாட்டுக்காரி உங்க கட்டடத்திலேயே குடியிருக்கிறது எவ்வளவு வசதி! காலையிலேயே பாடப்போற வரிசையைச் சொல்லிடுவாளோ?"

"உங்க கைதான் இஸ்திரிப் பெட்டி மாதிரி கனத்துப்போச்சு, ஹோரி-சான்."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஹோரி சிரிப்பதை நிறுத்திவிட்டார். "பாடறதுக்கு முன்னாடியே எடுக்கறீங்க. காது கேட்டு எடுக்கற வேகம் இல்லை அது."

யாரும் மறுத்துப் பேசவில்லை. மாமி ஆரஞ்சுப் பெட்டியைப் பாயிலேயே விட்டுவிட்டுக் கோட்டை மாட்டினாள்.  வீட்டு வாசலில், "இனிமே நான் அங்கே போகலை" என்றாள்.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது அனுசூயா, "ஏன்னா, மாமியைத் திருடின்னு சொல்லிட்டா. நானும் கூட்டாம்" என்றாள்.

"ஒரு சீட்டாட்டத்துக்கா இவ்வளவு?" என்று ஜம்புநாதன் தட்டிலிருந்து நிமிர்ந்தார். அவள் கண்ணைப் பார்த்ததும் குரலை மாற்றிக்கொண்டார். "நீ வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே எடுக்கறாளா?"

"ஆமா."

"அப்போ அவ காதால எடுக்கலை, அனு. எதையோ பார்த்து எடுக்கறா."

அனுசூயா தன் மடியைப் பார்த்தாள். கை தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

வசந்தப் பாட்டுக்கு முதலில் உள்ளங்கையால் தட்டுவாள். பூப் பாட்டு தாளம் தொடங்கி அரை அடி தள்ளி எழும்பும், அதனால் சுண்டுவிரல் முந்தும். புறாவுக்குக் கையைத் திருப்பிப் போடுவாள். எல்லாம் குரல் எழும்புவதற்கு முன்னால். இரண்டு வருஷம் சமையலறையில் பக்கத்தில் உட்கார்ந்து மாமி இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஆனால் ஏன் பார்க்க வேண்டும்? குக்கர் விசில் அடிப்பதுகூடத் தெரியாமல் மாமி பேசிக்கொண்டே இருந்த நாட்கள் அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தன.

சொன்னால் திருட்டுப் பட்டம் போகும். ஆனால் திரும்பி வந்ததாக மாமி நம்பிய வேகமும் போகும், காது போனது ஊருக்குத் தெரியும். சொல்லாவிட்டால் மாமிக்கு அந்தச் சனிக்கிழமையே இல்லாமல் போகும். மறுநாள் அனுசூயா முதல் தடவையாக மாடியேறிப் போய், "சீட்டை எடுங்கோ, மாமி" என்றாள்.

மேஜையில் சீட்டுகளைப் பரப்பிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வழக்கமான குரலிலேயே புறாப் பாட்டைப் பாடினாள். மாமி அவள் முகத்தைப் பார்த்தாள், தோளைப் பார்த்தாள். கை பூவின் மேல் போய் நின்றது. அடுத்ததும் தப்பு.

"நீ இன்னிக்குச் சரியாப் பாடலை!"

"சரியாத்தான் பாடறேன், மாமி."

"தொண்டை கட்டியிருக்கு உனக்கு."

அனுசூயா கையை முன்னால் கொண்டுவந்து, வாயைத் திறக்காமல், தொடையில் வசந்தப் பாட்டின் தாளத்தை மட்டும் போட்டாள். மாமியின் விரல் தானாக வசந்தத்தின் மேல் போய் விழுந்தது. விழுந்த விரலை மாமி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கீழே போ" என்றாள் கடைசியில். கோபமாகத்தான் சொன்னாள்.

இரண்டு சனிக்கிழமைகள் அனுசூயா தனியாகப் போய்ப் பாடினாள். ஹோரி கேட்டபோது, மாமிக்கு ஜலதோஷம் என்றாள். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை, அதை மாமிதான் சொல்ல வேண்டும் என்று பட்டது. மூன்றாவது சனிக்கிழமை அனுசூயா கூடத்தில் பனிப் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, மாமி தானே வந்து கதவருகே நின்றாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"நான் திருடலை. எனக்கு 'ஹ' கேட்கறதில்லை. மத்தது பாதி கேட்கும். அனு-சானோட கையைப் பார்த்து எடுத்தேன். பார்க்கறேன்னு எனக்கே தெரியாது."

  ஹோரி தன் இடக் காதைத் தடவிக்கொண்டார்.

"எனக்கு 'ஸ'வும் கேட்கறதில்லை" என்றார் தயங்கி. "அதை வெளியே சொல்லலாமா என்ன?"

அவர் மனைவி, "வீட்டிலே நான் கூப்பிடறதும் கேட்கறதில்லை, அதையும் சொல்லுங்கோ!" என்றதும் கூடமே சிரித்தது. மாமி சிரிக்கவில்லை. ஹோரி எழுந்து போய் அவள் கோட்டை வாங்கி ஆணியில் மாட்டினார். மன்னிப்பு என்று வாயால் கேட்கவில்லை, நாற்காலிக்குப் பக்கத்துப் பாயை மட்டும் தட்டிச் சரி செய்தார். மாமி அங்கே உட்காராமல், அனுசூயாவின் கை தெரியாத எதிர்வரிசையில் மற்றவர்களோடு போய் உட்கார்ந்தாள். அன்று அவளுக்கு ஒரு சீட்டுகூடக் கிடைக்கவில்லை.

இப்போது 1979. கியோ மாமி வேலையை விட்டுவிட்டாள். காது மிஷின் வைத்திருக்கிறாள், சனிக்கிழமை மட்டும் போட்டுக்கொள்வாள். சிலர் டொராண்டோவுக்குப் போய்விட்டார்கள், சிலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கூடத்துக்கு ஏழெட்டுப் பேர்தான் வருகிறார்கள். அனுசூயாதான் இன்னும் பாடுகிறாள். மாமி அதற்குப் பிறகு எந்தப் புத்தாண்டிலும் ஜெயிக்கவில்லை, எந்தச் சனிக்கிழமையும் போகாமல் இருந்ததும் இல்லை.