ஸ்டெல்லா சேர்த்துவைத்த பெயர்கள்

வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் நின்றபடி ஸ்டெல்லாவுடன் சண்டை போட ஒரு செய்தி தட்டிக்கொண்டிருந்தேன். அனுப்புவதற்குள் அவருடைய தம்பி கூப்பிட்டார். "அக்கா பூட்ச்சிண்ணா." மாரடைப்பு. அந்தச் செய்தி இன்னும் என் போனில் பாதியில் நிற்கிறது. அழிக்கக் கை வரவில்லை.

ராயபுரத்து ஸ்டெல்லாவை உங்களில் பலர் கண்டெய்னர் லாரி ஆப் வழியாக அறிவீர்கள். துறைமுக வாசலில் க்யூ எதுவரை நிற்கிறது, எந்தப் பக்கம் நுழையலாம் என்று டிரைவர்களே எழுதி, டிரைவர்களே பார்ப்பது. சரக்கு ஏஜெண்டு ஆபீசில் அடுத்தடுத்த மேசைக்காரர்களான நாங்கள் இருவரும் சாப்பாட்டு இடைவேளைகளில் எழுதியது. அதன் மூலநிரலை, அதாவது சோர்ஸ் கோடை, ஊருக்கே திறந்து வைத்தோம். எந்த உரிமத்தில் என்பதை மட்டும் நான் அவசரத்தில், அவரைக் கேட்காமல் முடிவு செய்தேன். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், எங்கள் பெயரைக் குறிப்பிட்டால் போதும்.

ஒரு கம்பெனி எடுத்தது. மெருகேற்றி, நிரலை மூடி, எங்கள் பெயரை ஒரு மூலையில் போட்டுவிட்டு, தன் பெயரில் வெளியிட்டது. டிரைவர்களில் பாதிப்பேர் அங்கே போனார்கள். ஞாயிறுதோறும் பிழை திருத்திக் கொடுத்த நண்பர்கள், "நாங்க அவங்களுக்கா வேல செஞ்சோம்?" என்று கேட்டுவிட்டுக் கழன்றுகொண்டார்கள். நான் கொதித்தேன். ஸ்டெல்லா டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னார்: "அவன் திருடலப்பா. நீதான் எட்த்துக்கோன்னு எழுதிக் குட்த்துகீற."

அடுத்த பதிப்புக்கு அவரே உரிமம் தேர்ந்தெடுத்தார். எடுத்து மாற்றி வெளியிடுபவர், மாற்றியதையும் அதேபோலத் திறந்து தரவேண்டும். பிறகு தண்டையார்பேட்டை லாரி ஷெட்டுக்குப் போய், வழிக்குறிப்பு எழுதிய டிரைவர்களின் பெயர்களை வாங்கி வந்து ஆசிரியர் பட்டியலில் சேர்த்தார். இனி உரிமத்தை மாற்ற அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். "க்ளட்ச் மிதிக்கிறவங்கல்லாம் ஆசிரியரா?" என்று கிண்டலடித்தேன். "அவங்க எழுதாம உன் ஆப்புல இன்னா கீது?" என்றார். கழன்று போனவர்களில் மூன்று பேர் திரும்பி வந்தார்கள்.

போன மாதம் அதே கம்பெனியிடமிருந்து கடிதம். உரிமத்தைப் பழையபடி தளர்த்தினால் ஆப்பைத் தாங்களே பராமரிப்பார்களாம். ஸ்டெல்லா முடியாது என்றுவிட்டார். எனக்கோ சலித்துவிட்டது. ஒத்துக்கொள் என்றுதான் அன்று மெட்ரோவில் தட்டிக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அடக்கம் முடிந்து திரும்பும்போது, இனி தடுக்க ஆளில்லை என்று ஒரு கணம் தோன்றியது.

வீட்டுக்கு வந்து பட்டியலைத் திறந்தேன். நாற்பத்தொரு பெயர்கள். கம்பெனியை நினைத்துப் போட்ட பட்டியல் என்றே இத்தனை நாள் நம்பியிருந்தேன். என்னை நினைத்துப் போட்டிருக்கிறார்.

கம்பெனியின் கடிதத்தை, சம்மதமா என்று கேட்டு, அத்தனை பேருக்கும் அனுப்பினேன். எண்ணூர் ரோட்டில் க்யூவில் நின்ற ஒரு டிரைவர், ஸ்டெல்லா இறந்தது தெரியாதவர், முதலில் பதில் போட்டார்: "அக்கா ஓகே சொல்ச்சா?"

இல்லை என்று அவருக்கு எழுதினேன். கம்பெனிக்கும் அந்த ஒரு சொல்லையே அனுப்பினேன். அந்த டிரைவர் கேட்ட கேள்வியை, இனி என்னை நானே கேட்டுக்கொள்ள, நான் வைத்துக்கொண்டேன்.